பற்றுச்சீட்டுக்குக் காத்திருக்காத புலமைப்பரிசில்: வன்னி உளவியல் மாணவி ஒருவரின் ஆய்வுச் செலவு பற்றிய நிகழ்வு ஆய்வு

அரச பல்கலைக்கழகத்தில் படிக்கக் கட்டணம் இல்லை என்பதால், இறுதி வருட ஆய்வுக்கும் செலவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உளவியல் மாணவரின் ஆய்வு பெரும்பாலும் மனிதரிடம் போய்க் கேட்டு எழுதும் ஆய்வு. போகும் வழிக்கும், போகும் நாளில் இழக்கும் கூலிக்கும், உட்காரும் வீட்டில் கொடுக்கும் சின்னப் பொதிக்கும் யாரோ பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் என்ன செய்கிறார்? தன் வகுப்புத் தோழர்களுக்கு வட்ஸ்அப்பில் கூகிள் படிவம் அனுப்பி, வந்த அறுபது பதிலை வைத்து ஆய்வேட்டை முடிக்கிறார். பட்டம் கிடைக்கும், ஆய்வு செய்யப் பழகுவது மட்டும் நடக்காது.

அப்படிப்பட்ட மாணவிக்கு ஆய்வுச் செலவை முன்கூட்டியே தவணைகளில் கொடுக்கும் ஒரு புலமைப்பரிசிலை எப்படி அமைக்கலாம் என்று இங்கே பார்க்கிறோம். இங்கே வரும் மாணவி தனி ஒருவர் அல்லர். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளின் நிலைமையை ஒன்றுசேர்த்து அமைத்த மாதிரி. தொகைகள் திட்டமிடுவதற்கான அனுமானங்கள். பஸ் கட்டணமும் கூலியும் மாறும்போது அவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாணவியும் ஆய்வும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கு உள்ளே ஒரு கிராமம். தாய் தலைமை தாங்கும் குடும்பம். பெரும்போக அறுவடைக் காலத்தில் தாய்க்குக் கூலி வேலை இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கையில் காசு இருக்காது. வீட்டில் இரண்டு நுண்கடன். செவ்வாய்க்கிழமை ஒன்றுக்குத் தவணை வாங்க ஆள் வரும், வெள்ளிக்கிழமை மற்றதுக்கு. மாணவி வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறார். சனி, ஞாயிறில் ஊருக்கு வந்து, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறார், லீவில் கிளிநொச்சிக் கடையொன்றில் நிற்கிறார். அரசின் மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500ஆக உயர்ந்தது. அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் மிஞ்சுவது எதுவுமில்லை.

ஆய்வுத் தலைப்பை அவரே தேர்ந்தெடுத்தார்: நுண்கடன் தவணைச் சுமைக்கும் தாய்மாரின் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு. இளமாணிக்கு இது அளவான தலைப்பு. போர்க்கால இழப்பையே நேரடியாகக் கேட்கும் தலைப்பை இளமாணி மாணவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. கேட்கிறவருக்கும் பாரம், சொல்லுகிறவருக்கும் பாரம். வன்னியின் கூட்டு மனவடு பற்றித் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்டது போன்ற ஆழமான பண்புசார் ஆய்வுகள் ஏற்கெனவே உண்டு. இடம்பெயர்ந்தோர் முகாம் காலத்திலிருந்தே இந்தச் சனத்திடம் கேள்வித்தாளோடு போகாத நிறுவனமும் குறைவு. "கேட்டுக்கொண்டு போறவை, திரும்பி வாறேல்லை" என்ற பேச்சைக் கிராமத்தில் கேட்காமல் வர முடியாது.

மாதிரியின் அளவை இப்படிக் கணக்கிட்டார். எதிர்பார்க்கும் தொடர்பு 0.3, பொருண்மை மட்டம் (இல்லாத தொடர்பை இருப்பதாக எடுத்துவிடும் வாய்ப்பு) 0.05, வலு (இருக்கிற தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 வீதம் என்றால், இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும் பியர்சன் இணைவுக்கு ஏறக்குறைய 85 பேர் வேண்டும். தவணைத் தொகை சீராகப் பரம்பாது, சில வீடுகளில் மிக அதிகமாக இருக்கும். அதனால் தொகையை விட்டு வரிசை நிலையை ஒப்பிடும் ஸ்பியர்மன் இணைவையே பாவிக்க வேண்டி வரும். அதற்குச் சுமார் 93. இடையில் நிறுத்துவோரையும் சேர்த்து 100 என்று வைத்தார். ஒரு நேர்காணலுக்கு நாற்பது நிமிடம். வீடு தேடுவதும் தண்ணி குடிப்பதும் கதைப்பதும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஆறு பேரைத் தாண்டாது. ஆகப் பதினேழு களநாள்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

பெண் பிள்ளை தனியே போகக் கூடாது. ஊர்க் கட்டுப்பாட்டை விட இது பாதுகாப்பு ஒழுங்கு: பின்னேரம் கடைசி பஸ் தவறினால், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டில் யானை நிற்கும் வீதியில்தான் நிற்க வேண்டும். எனவே கூட ஒருவர். அந்த ஒருவர் அண்ணனாகவோ மச்சானாகவோ இருந்தால் தாய்மார் கடனைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாம் வருட உளவியல் மாணவி ஒருவரைத் தோழியாக எடுத்தால் பாதுகாப்பும் ஆகும், இன்னொரு பிள்ளை ஆய்வு பழகியதாகவும் ஆகும். அவருக்கும் நாள்படி கொடுக்க வேண்டும். இலவசமாக வரச் சொன்னால் வசதியுள்ள பிள்ளைதான் வரும்.

கணக்கு இது. பஸ், இருவருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 300 வீதம் 17 நாள்: 10,200 ரூபாய். மதியச் சாப்பாடு ஆளுக்கு 350 வீதம்: 11,900. மாணவி இழக்கும் வருமானம் நாளுக்கு 1,500 வீதம்: 25,500. தோழியின் நாள்படி 1,000 வீதம்: 17,000. தகவல் தாள் இரண்டு பக்கம், சம்மதப் படிவம் இரண்டு பிரதி, ஆக ஒருவருக்கு நான்கு பக்கம், பக்கம் 10 ரூபாய் என்றால்: 4,000. பங்குபற்றுவோருக்கு 250 ரூபாய் பெறுமதியான சவர்க்காரமும் தேயிலையும் கொண்ட பொதி: 25,000. மூன்று மாத டேட்டாவும் அழைப்பும்: 3,000. ஆய்வேடு மூன்று பிரதி அச்சும் கட்டும்: 6,000. கூட்டினால் 102,600. பத்து வீதம் அவசர ஒதுக்கு 10,260. மொத்தம் 112,860 ரூபாய்.

வழமையான ஆய்வு உதவித்தொகை விண்ணப்பத்தில் அனுமதிக்கப்படும் தலைப்புகள் மூன்று: போக்குவரத்து, அச்சு, ஆய்வேட்டுக் கட்டு. மேலுள்ள கணக்கில் அவை 20,200 ரூபாய், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மிகுதி நான்கு பங்கும் "தனிப்பட்ட செலவு". அந்தத் தனிப்பட்ட செலவில் பெரிய தொகை இழந்த கூலி. அதற்குப் பற்றுச்சீட்டுக் கிடையாது. ரியூசன் பிள்ளையின் தாய், "இந்தக் கிழமை ரீச்சர் வராததால் 1,500 ரூபாய் கொடுக்கவில்லை" என்று எழுதித் தரமாட்டார்.

அந்த 20,200உம் பின்னால்தான் வரும்: முதலில் செலவழி, பற்றுச்சீட்டை ஒட்டு, கையொப்பம் வாங்கு, நிதிக்கிளைக்கு அனுப்பு, காத்திரு. தனியார் மினிபஸ் நடத்துனர் பல தடவை டிக்கெட் தருவதில்லை. கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் பில்புத்தகம் இல்லை. எனவே செலவில் ஒரு பகுதி பற்றுச்சீட்டின்றி விழுந்துவிடும். முதலில் செலவழிக்கப் பணம் இருக்கிறவருக்குத்தான் இந்த முறை உதவுகிறது. உதவி யாருக்கென்று அறிவிக்கப்பட்டதோ அவர் கடன் வாங்கித்தான் களத்துக்குப் போக வேண்டும். நுண்கடன் பற்றி ஆராயப்போகும் பிள்ளை அதற்காகவே நுண்கடன் எடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

பணம் எப்போது வருகிறது என்பது ஏன் முக்கியம்

2013இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன் ஒரு பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்யப்பட்டது. அறுவடைக்கு முன் கை வறண்ட நாளிலும் அறுவடைப் பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அதே வகைச் சோதனைகளைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் அவர்களின் புள்ளி குறைவாக இருந்தது. இரண்டாம் தடவை செய்யும்போது பழக்கத்தால் வரும் முன்னேற்றம், புள்ளிவிபரத்தைக் கையாண்ட விதம் பற்றிப் பின்னர் மறுப்புகளும் வந்தன. அவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் நெல்லும் கச்சானும் செய்கிற குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் கேள்வி புதிதல்ல: நாளைக்கு ஆள் வருவான் என்ற யோசனையோடு இருக்கும் மாணவி, இன்றிரவு இணைவுக் குணகத்தை எப்படிப் படிப்பார்?

ஆகவே கொடுப்பனவு நாட்காட்டி, தொகையைப் போலவே முக்கியமானது. இந்த மாதிரியில் நான்கு தவணை:

முதலாவது 35,000, மனிதரிடம் செய்யும் ஆய்வைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்த அன்றே. முன்சோதனைக்கும் அச்சுக்கும் இது போதும், வீட்டுக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டாவது 40,000, நெறிமுறை அனுமதி வந்தவுடன், முதல் களநாளுக்கு முன். மூன்றாவது 25,000, ஐம்பதாவது நேர்காணல் பதிவேறியதும். கடைசி 12,860, ஆய்வேட்டின் வரைவு மேற்பார்வையாளரிடம் போனதும். ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு கடைசித் தவணை என்று சிலர் எழுதுகிறார்கள். கட்டுக் கூலி ஒப்படைப்பதற்கு முன்னே கொடுக்க வேண்டியது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தொகையை இரண்டு பையாகப் பார்க்க வேண்டும். இழந்த வருமானமும் தோழியின் நாள்படியும் சேர்ந்த 42,500 வாழ்வுப் பணம்: பற்றுச்சீட்டு வேண்டாம், கேள்வியும் வேண்டாம். அதில் ஒரு பகுதி செவ்வாய்க்கிழமை வரும் ஆளின் கைக்குப் போகலாம். போகட்டும். அதற்காகத்தான் மாணவி கடையில் நின்றிருப்பார். மிகுதி ஆய்வுப் பணம். அதற்கு ஒரு கொப்பி: திகதி, இடம், தொகை, பற்றுச்சீட்டு உண்டா இல்லையா. பற்றுச்சீட்டு இல்லாத சிறு செலவுக்கு மாணவியும் தோழியும் இருவரும் கையொப்பமிட்டால் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தவணையை விடுவிக்கும் அதிகாரத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்கக் கூடாது. காசும் புள்ளியும் ஒரே கையில் இருந்தால், "இந்தத் தரவில் பிழை இருக்கிறது" என்று சொல்ல மாணவி பயப்படுவார். மேற்பார்வையாளர் படி முடிந்ததை உறுதிப்படுத்தட்டும், பணத்தை வேறொருவர் விடுவிக்கட்டும்.

தெரிவு

புள்ளிச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏற்கெனவே நேரம் உள்ள பிள்ளைதான் மேலே வரும். வறுமையை மட்டும் பார்த்தால் ஆய்வில் ஆர்வமில்லாதவரும் வருவார். ஒரு பக்க ஆய்வுக் கேள்வியைத் தமிழிலேயே எழுதித் தரச் சொல்வதும், இருபது நிமிடம் தமிழில் கதைப்பதும் போதும். நேர்முகத்தை ஆங்கிலத்தில் வைப்பது நல்ல களஆய்வாளரை வடிகட்டி வெளியே விடுகிற வேலை.

சான்றிதழ் கேட்பதில் கருணை வேண்டும். கிராம சேவையாளரின் வருமானச் சான்று, அதில் பிரதேச செயலக ஒப்பம், அஸ்வெசும (அரச நலன்புரி உதவி) விபரம் என்று மூன்று கடதாசி கேட்டால் மூன்று அரைநாளும் மூன்று பஸ்ஸும் செலவு. மகாபொல சாதாரணப் பிரிவிலோ பல்கலைக்கழக நிதியுதவியிலோ இருப்பவரின் வருமானம் ஏற்கெனவே பார்க்கப்பட்டதுதான். அந்தக் கடிதத்தையே ஏற்கலாம். இன்னொரு புலமைப்பரிசில் எடுத்தால் அந்த உதவிகள் பாதிக்கப்படுமா என்று மாணவர் நலப் பிரிவில் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்திருப்பது மாணவியின் வேலை. வாய்ப்பேச்சை நம்பக் கூடாது.

சின்னதாகத் தெரிந்து பெரிதாக இடறுவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து முன்னே பின்னே. பணம் திரும்பிப் போய்விடும், முதல் களநாளும் அதோடு போய்விடும். தெரிவான அன்றே நூறு ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

புலம்பெயர் நாட்டிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் வன்னியில் நிறையப் படிப்புச் செலவைச் சுமக்கின்றன. அவர்கள் காசோலை கொடுக்கும் படத்தை முகநூலில் போட விரும்புவார்கள். இந்த உதவியில் அதற்கு இடமில்லை. அடுத்த கிழமை அதே கிராமத்தில் கடன் பற்றிக் கேட்கப் போகும் பிள்ளை "காசு வாங்கின பிள்ளை"யாக அடையாளம் காணப்பட்டால் நேர்காணல் கெடும். தரவைப் பார்க்கும் உரிமையும் கொடையாளருக்குக் கிடையாது; இதை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

வெளிநாட்டுத் திட்டங்களைப் பார்ப்பவர்கள் தகுதி விதியை முதலில் படிப்பது நல்லது. அமெரிக்காவின் மக்நெயர் திட்டம், பிரித்தானிய உளவியல் கழகத்தின் இளமாணி ஆய்வு உதவியாளர் திட்டம் இரண்டும் கொடுப்பனவோடு ஆய்வு பழக்க அமைக்கப்பட்டவை. ஆனால் அந்தந்த நாட்டில் படிக்கும் மாணவருக்கானவை. அவற்றிலிருந்து எடுக்கக் கூடியது பணமல்ல, அமைப்பு: ஆய்வு நேரத்துக்கு மாணவருக்குக் கொடுப்பனவு உண்டு, பொறுப்பான வழிகாட்டி ஒருவர் உண்டு.

களத்தில் பிழைப்பது எங்கே

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டால் சறுக்கும். மூன்று மாதம் ஒதுக்க வேண்டும். திருத்தச் சொல்லித் திரும்பி வருவது வழமை. திரும்புவதற்கான காரணங்களும் வழமையானவை: தகவல் தாள் நீளம், தொலைபேசி எண் யாருடையது என்று இல்லை, மனஉளைச்சல் வந்தால் என்ன செய்வது என்று இல்லை. அனுமதியோடு பிரதேச செயலாளருக்குக் கடிதம், கிராம சேவையாளருக்குப் பிரதி. கடிதம் கையில் இல்லாமல் போனால் "ஆர் அனுப்பினது?" என்ற கேள்வியோடு நாள் முடியும்.

காலத்தைத் தெரிவது அடுத்தது. கார்த்திகை மார்கழியில் மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை அறுவடை. பகலில் வீட்டில் யாரும் இல்லை. வைகாசி முதல் ஆடி வரை ஓரளவு சரி. கல்வியாண்டு அட்டவணை இதோடு பொருந்தாதபோது வார இறுதிகளைப் பாவிக்க வேண்டும். அப்போது ரியூசன் வருமானம் போகும். இழந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான். விரிவுரை நாளைக் களத்துக்கு எடுத்தால் வரவு வீதம் குறைந்து பரீட்சைக்கு இடைஞ்சலாகும்.

கருவிகள், அதாவது கேள்வித்தாள்கள், இரண்டு. உறக்கத்துக்குப் பிட்ஸ்பர்க் உறக்கத் தர அட்டவணை: 19 கேள்வி, ஏழு கூறு, மொத்தம் 0 முதல் 21, ஐந்துக்கு மேல் என்றால் உறக்கம் மோசம். மனச்சோர்வுக்குப் பி.எச்.கியூ-9: ஒன்பது கேள்வி, 0 முதல் 27. உறக்க அட்டவணையில் பிழை வருவது நேரக் கணக்கில். "எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்" என்றால் பல தாய்மாரின் பதில் மணியில் வராது: "கடைசி பஸ் போன பிறகு", "நாடகம் முடிய", "விடியக் கோயில் மணி கேக்கேக்கை எழும்புவன்". கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கோயில் மணி எத்தனை மணிக்கு என்று அந்தந்தக் கிராமத்துக்கு ஒரு சிறு பட்டியலை முதல்நாளே தயாரித்து வைத்தால் மாற்றி எழுதலாம். இல்லாவிட்டால் படுக்கையில் கழித்த மணியில் உறங்கிய மணி எத்தனை வீதம் என்ற கணக்கு நூறைத் தாண்டி வந்து, இரவு மேசையில் தலையைச் சொறிய வைக்கும். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த படிவம் கிடைத்தாலும் உள்ளூரில் எட்டுப் பேரிடமாவது வாசித்துக் காட்டி, விளங்கினதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்த்த பின்னரே களத்துக்கு எடுக்க வேண்டும்.

பி.எச்.கியூவின் ஒன்பதாவது கேள்வி இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூச்சியம் தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய விடயம். மேற்பார்வையாளருக்கு உடனே அழைப்பு, பங்குபற்றுபவருக்கு 1926 மனநல உதவி எண், மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் யாரைப் பார்ப்பது என்ற முன்கூட்டிய ஒழுங்கு. தாளில் எழுதி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பகுப்பாய்வில் கண்டுபிடிப்பது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. இந்த ஒழுங்கைச் செய்ய முடியாத மேற்பார்வையாளர் அந்தக் கருவியை மாணவியிடம் கொடுக்கக் கூடாது.

பதிலைப் பதிய கோபோ டூல்பொக்ஸ் என்ற செயலி போதும்: இலவசம், பழைய அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் ஓடும், சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துப் பிறகு ஏற்றும். எல்லாக் கேள்வியையும் "கட்டாயம்" என்று அமைத்தால் வெற்றிடம் வராது. ஆனால் பதில் சொல்லாதிருக்கும் உரிமை போய்விடும். எனவே ஒவ்வொன்றிலும் "சொல்ல விருப்பமில்லை" என்ற தெரிவும் இருக்க வேண்டும். பகுப்பாய்வுக்குக் களவாக ஏற்றிய எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளிவிபர மென்பொருள் தேவையில்லை. ஜாஸ்ப் அல்லது ஜமோவி இலவசம். ஸ்பியர்மன் இணைவு இரண்டிலும் இருக்கிறது.

மாணவியின் சொந்த வீட்டிலும் இதே கடன். அதனால் தன் கிராம சேவையாளர் பிரிவில் ஒரு நேர்காணலும் செய்யக் கூடாது என்று ஆய்வு முன்மொழிவிலேயே எழுதப்பட்டது. அயல்வீட்டு அன்ரி தன் கடனை இந்தப் பிள்ளைக்குச் சொன்னால் நாளைக்குத் தண்ணிக் குழாயடியில் அவர் முகத்தைப் பார்ப்பது கடினம். ஆனால் வேறு பிரிவிலும் கேட்கும் கதை வீட்டுக் கதைதான். கிழமைக்கொரு தடவை மேற்பார்வையாளரோடு அரைமணி நேரம் தொலைபேசியில் கதைப்பது கட்டாயம். அதில் முதல் பத்து நிமிடம் தரவைப் பற்றி அல்ல.

இடையில் நின்றால்

தாய்க்குச் சுகமில்லை, தம்பிக்குச் சோதனை, கடை முதலாளி லீவு தரவில்லை என்று ஏதோ ஒன்று வரும். அதற்கு மூன்று விதி முன்கூட்டியே வேண்டும். கொடுத்த தவணையைத் திருப்பிக் கேட்பதில்லை. எடுத்த நேர்காணல்களை, பெயர் நீக்கி, சம்மதம் அனுமதித்த அளவுக்குத் தோழியோ அடுத்த வருட மாணவரோ தொடரலாம். செய்த வேலைக்குப் பெயர் உண்டு: ஆய்வில் யார் எதைச் செய்தார் என்று பதியும் கிரெடிட் (CRediT) முறையின் 14 பங்களிப்பு வகைகளில் எது யாருடையது என்பதைத் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி மாணவி, தோழி, மேற்பார்வையாளர் மூவரும் ஒப்பமிட்டால், கட்டுரையாக வெளிவரும் நாளில் மாணவியின் பெயர் நன்றியுரைக்குத் தள்ளப்படாது.

அவசர ஒதுக்கான 10,260ஐத் தொடாமல் வைத்திருந்து ஆய்வு முடிந்தால், அது நிதியத்துக்குத் திரும்பக் கூடாது. நேர்காணல் எடுத்த ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பக்க முடிவுத்தாளோடு ஒரு நாள் போய்வர, இருவருக்கும் பஸ்ஸும் சாப்பாடும் நாளொன்றுக்கு 1,300 ரூபாய். ஐந்து கிராமமென்றாலும் 6,500தான் வரும்.